தம்பி மகனின் லெஸ்டர் கணக்கு

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணி வேலை பார்த்தவன் நான். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிய கைக்கு இப்போது தம்பி மகனின் கம்பெனிக் கணக்கு. இங்கிலாந்தின் லெஸ்டரில் அவன் ஒருவன்தான் டைரக்டர், வேறு ஆளில்லை, வேறு வருமானமும் இல்லை. அவன் மாதிரி ஆட்களுக்கு 2025-26 வரி ஆண்டின் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சம்பளம். வருடத்துக்கு 12,570 பவுண்டு எடுங்கள். அதுவரை வருமான வரியும் இல்லை, உங்கள் பங்கு தேசியக் காப்பீடும் (நேஷனல் இன்ஷூரன்ஸ்) இல்லை. கம்பெனி மட்டும் 5,000க்கு மேற்பட்ட 7,570க்கு 15% காப்பீடு கட்டும்: 1,135.50.

"பெரியப்பா, 5,000 மட்டும் எடுத்தால் போதாதா?" என்றான். சரி, போட்டுப் பார்த்தோம். கூடுதல் சம்பளமும் காப்பீடும் செலவாகக் கழிகின்றன. லாபம் 50,000க்குள் இருந்தால் 19% கம்பெனி வரியில் சுமார் 1,654 குறைகிறது. கட்டும் காப்பீடு 1,135.50 போக, 12,570 எடுப்பதில்தான் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் மிச்சம்!

அப்புறம் டிவிடெண்ட், அதாவது பங்குதாரர் எடுக்கும் லாபப் பங்கு. முதல் 500க்கு வரியில்லை; பிறகு 8.75%, மொத்த வருமானம் 50,270ஐத் தாண்டினால் 33.75%. வரி போக மிஞ்சும் லாபத்திலிருந்துதான் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் தீர்மானமும் வவுச்சரும் எழுதி வையுங்கள்.

இவன் கார் வாங்கக் கம்பெனிப் பணத்தை அப்படியே எடுத்துவிட்டான். அது கடன். கணக்காண்டு முடிந்து 9 மாதத்துக்குள் திருப்பாவிட்டால் கம்பெனிக்கு 33.75% வரி. கம்பெனி வரிக் கெடு அதற்கு மறுநாள்.

சொந்த வரிக் கணக்குக்கு ஜனவரி 31. பெரும்பாலும் தைப்பூசச் சமயம். காவடி எடுக்க வருகிறவன் லேப்டாப்போடு வராதே என்று சொல்லியிருக்கிறேன்.