உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: சோடியத்தைக் குறைக்க ஓர் எளிய வழி

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதிய டாக்டர், "உப்பைக் குறைங்கம்மா" என்றார். "நாங்க எப்பவும் கம்மியாத்தான் சார் போடுறோம்" என்றார் அம்மா. எங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் யாரும் அளந்து பார்த்ததில்லை. அதனால் அளப்பதில் இருந்தே தொடங்குவோம்.

முதலில் கணக்கு

புது உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். மீன் கழுவ, பாத்திரம் தேய்க்க எடுக்கும் கல் உப்பைத் தனி டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தப்பும். பாக்கெட் தீர்ந்ததும், அதன் எடையை நாட்களாலும் ஆட்களாலும் வகுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஒரு கிலோ 25 நாளில் காலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம்!

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம். உப்பில் சுமார் 40 சதவீதம் சோடியம். அப்படியென்றால் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும், ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. கடையில் வாங்கித் தின்பதும் இதற்குள்ளேயே அடக்கம்.

அப்புறம் வாரப் பாட்டில்

ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துக்கான உப்பை மட்டும் நிறுத்து ஒரு சின்ன பாட்டிலில் போடுங்கள். எங்களுக்கு 280 கிராம் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 கிராம் குறைத்து வருகிறோம். நாக்கு மெதுவாகப் பழகிக்கொள்ளும். குழம்பில் புளியும் மிளகும், பொரியலில் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. சாதம் வடிக்கும்போது உலையில் உப்புப் போடுவதை நிறுத்திவிடுங்கள். மேசை மேல் உப்புக் கிண்ணமும் வேண்டாம்.

கருவாடு

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. வஞ்சிரம், சுறா மாதிரி பெரிய மீனைக் கீறி, உப்பு அடைத்துக் காயவைப்பார்கள். நெத்திலியை உப்பில்லாமல் வெறும் வெயிலில் காயவைப்பதும் உண்டு. விற்கும் அக்காவிடம் கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாட்டை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை ஊறவையுங்கள். கத்தரிக்காய், மொச்சை போட்டுக் குழம்பு கொதிக்கும்போது உப்பே சேர்க்காதீர்கள். இறக்கும் முன் ருசி பார்த்தால் போதும், பெரும்பாலும் கருவாட்டு உப்பே சரியாக இருக்கும். அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம்.

பாக்கெட் தீனி

பின்பக்க அட்டவணையில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராம் மிக்சரில் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், அதில் 2 கிராம் உப்பு. சமையல் சோடா, அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போனால், சூப்பை ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பை மாற்றலாமா?

இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகளோடும் சேராது. நீர் போக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் உப்பைத் திடீரென்று வெட்டவும் கூடாது. அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டி, இதையும் கேட்டுவிடுங்கள்.