பதினோராவது நிமிடத்தில் நின்றுபோன வீடியோ

லேப்டாப்பில் ஃபுல் எச்டி வீடியோவை நேராக பென்டிரைவில் பதிவு செய்துவந்தேன். ஒவ்வொரு முறையும் பதினோரு நிமிடம் தாண்டியதும் பதிவு நின்றுவிடும். கோப்பைப் பார்த்தால் 4 ஜிபி. பென்டிரைவ் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையில் இருந்ததுதான் காரணம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. உள்ளே இருந்ததை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், இப்போது படம் விட்டுவிட்டு வந்தது. நான் வைத்திருந்த 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) பதிவுக்கு நொடிக்கு 6 எம்பிக்குச் சற்று மேல் எழுதினால் போதும். அதற்கே பென்டிரைவ் திணறியது. ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்தேன். முதலில் ஏறி நின்ற வேகக் கோடு, கொஞ்ச நேரத்தில் சரிந்து 4 எம்பியில் படுத்துவிட்டது. பென்டிரைவ் வந்த உறையில் பெரிதாகப் போட்டிருந்தது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியதோ கடைசிவரை குறையாத எழுதும் வேகம். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அப்புறம் உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாத 500 ஜிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டிக்கு மாறினேன். இந்த வேகத்துக்கு ஹார்ட் டிஸ்க்கே தாராளம். ஆனால் ஓடும்போது இடிபட்டால் கெட்டுப்போகலாம், நான் லேப்டாப்போடு அலைகிற ஆள். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகி இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். சுமார் 45 ஜிபி, ஒரு ஃபிரேம்கூட விடுபடவில்லை.