வாங்கிய பொருள் பழுதா? பில்லில் தொடங்கி ரிவ்யூ வரை

வாங்கிய நாலாம் நாளே பொருள் மக்கர் செய்தால், பலருக்கும் கை முதலில் போவது ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். ரிவ்யூ அடுத்து வாங்கப் போகிறவருக்கு உதவும். உங்கள் பணத்தை வாங்கித் தராது. பணம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி, வேறு வரிசை. எலெக்ட்ரிக் கெட்டிலை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். தண்ணீர் கொதித்த பிறகும் அது தானாக அணையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள், திறக்காதீர்கள்

தீய்ந்த வாடை, ஷாக், பிளாஸ்டிக் இளகுவது, இதில் எது இருந்தாலும் மறுபடி போட்டுப் பார்க்கவே கூடாது. ஸ்க்ரூ டிரைவரையும் எடுக்க வேண்டாம். திறந்த தடம் தெரிந்தால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று கைகழுவ கடைக்கும் கம்பெனிக்கும் வழி கிடைத்துவிடும்.

2. பழுதா, பயன்படுத்தும் விதமா?

புதியவர்கள் தாவிவிடும் படி இது. புகார் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கெட்டில் எப்படி அணைகிறது? தண்ணீர் கொதித்ததும் நீராவி ஒரு சிறு துவாரம் வழியாக உள்ளே போய், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகட்டைச் சுடவைக்கும். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. அதனால் தகடு 'டிக்' என்று எதிர்ப்பக்கம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். மூடி சரியாக மூடாவிட்டால் நீராவி வெளியே போய்விடும், தகடு சூடாகாது, கெட்டிலும் அணையாது. இது பொருளின் பழுது அல்ல.

எனவே தீய்ந்த வாடை போன்ற ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால் மட்டும், மூடியை அழுத்தி மூடி, குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே நின்று சோதியுங்கள். அப்போதும் அணையவில்லையா? இப்போது உங்கள் கையில் இருப்பது பழுதான பொருள்தான். பெரும்பாலான சாதனங்களுக்குக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒரு கோளாறுப் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் கோளாறுக்குச் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டே புகாருக்குப் போங்கள். கஸ்டமர் கேரில் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

3. ஆதாரம் சேருங்கள்

சோதனையை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மூடி மூடியிருப்பது, தண்ணீரின் அளவு, கொதிப்பது, சுவிட்ச் விழாமல் நிற்பது எல்லாம் அதில் தெரிய வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டியோ அச்சிட்டோ இருக்கும் மாடல் எண், சீரியல் அல்லது பேட்ச் எண்ணைத் தனியாகப் படமெடுங்கள்.

பில்லையும் படமெடுத்து வையுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான தெர்மல் தாள் பில் சில மாதங்களில் வெளுத்துப்போகும். தேவைப்படும் நாளில் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், விற்பனைப் பக்கத்தில் 'தானாக அணையும்' என்று போட்டிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம்.

மாடல் பெயரோடு 'ரீகால்' என்று சேர்த்து ஒருமுறை தேடிவிடுங்கள். நிறுவனமே திரும்பப் பெறும் மாடல் என்றால் இனி வரும் வேலையில் பாதி மிச்சம்.

4. யாரிடம் கேட்பது?

'கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க' என்று கடையில் சொல்வார்கள். அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். வாரண்டி என்பது கம்பெனி தானாகத் தரும் வாக்கு. அதற்கு மேலே சட்டம் தரும் உரிமை ஒன்று இருக்கிறது. பல நாடுகளில் அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான்.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்குச் சட்டப்படியான உத்தரவாதம் குறைந்தது 2 ஆண்டு. சிங்கப்பூரில் பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்றவர், தயாரித்தவர் இருவர் மீதும் புகார் செய்ய இடம் தருகிறது. கெடு 2 ஆண்டு.

மனம் மாறித் திருப்பித் தருவது வேறு, பழுதென்று திருப்பித் தருவது வேறு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை சட்டத்தை மிஞ்சாது.

5. எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசினாலும் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். புகார் எண், பேசியவர் பெயர், நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"3ஆம் தேதி உங்களிடம் வாங்கிய கெட்டில் (பில் எண், மாடல், சீரியல் எண்) 7ஆம் தேதி முதல் தண்ணீர் கொதித்த பிறகும் அணைவதில்லை. மூடியை முழுதாக மூடிச் சோதித்த வீடியோவை இணைத்துள்ளேன். பொருளை மாற்றித் தர வேண்டும். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

என்ன வேண்டும் என்று கேட்காமல், பட்ட கஷ்டத்தை மட்டும் இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு வரும் பதில் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதோடு நின்றுவிடும்.

6. பதில் இல்லையென்றால்

கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அடுத்து அரசு அமைப்பு. இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயம் இருக்கிறது.

7. இப்போது ரிவ்யூ

'குப்பை, வாங்காதீங்க' என்பதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. "வாங்கிய நான்காம் நாளிலிருந்து கொதித்த பின் அணையவில்லை, மூடி சரியாகவே மூடியிருந்தது. கடை 12 நாளில் மாற்றித் தந்தது" என்பது பயன்படும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'திருட்டுக் கம்பெனி' என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். டெலிவரி தாமதமானதற்குப் பொருளின் ஸ்டாரைக் குறைப்பதும் நியாயமில்லை.

பணம் தராவிட்டால் மோசமாக எழுதுவேன் என்று மிரட்டாதீர்கள், உங்கள் புகாரே பலவீனமாகும். எதிர்ப்பக்கத்திலிருந்து 'ரிவ்யூவை எடுத்தால் பணம் தருகிறோம்' என்று செய்தி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்பனைத் தளத்துக்குத் தெரிவியுங்கள். பழுதுக்கான பணம் உங்களுக்குச் சேர வேண்டியது, வாயை மூடுவதற்கான கூலி அல்ல. உண்மையான ரிவ்யூ எழுதக்கூடாது என்று எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரி தரும் ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால் அது செல்லாது என்று அமெரிக்கா 2016இலேயே சட்டம் போட்டுவிட்டது.

மாற்றுப் பொருள் வந்து நன்றாக ஓடினால் அதையும் அதே ரிவ்யூவில் தேதியோடு சேருங்கள். பழைய வரிகளை அழிக்க வேண்டியதில்லை. புதிய கெட்டிலின் சீரியல் எண்ணைப் படமெடுத்துப் பழைய பில்லோடு வைத்துவிடுங்கள்.