பழைய புல்லட் சிலிண்டர் ஹெட்: வால்வும் கைடும் சோதிப்பது எப்படி

த்ராட்டிலை மூடி இறக்கத்தில் இறங்கும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டேக் வால்வின் கைடைத்தான் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்).

ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வுத் தண்டில் லாக் காடிக்கு (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டு உட்காரும் பள்ளம்) அருகே பிசிர் இருந்தால் மெல்லிய அரத்தால் எடுத்துவிடுங்கள். அப்படியே வால்வை இழுத்தால் நல்ல கைடும் கீறிப்போகும். கரியைச் சுரண்டிய பிறகு மைக்ரோமீட்டரால் தண்டை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். கைடுக்குள் போகாத பகுதியைவிட 0.05 மி.மீ. குறைந்திருந்தால் வால்வை மாற்றுவதே நல்லது. வால்வுத் தலையின் விளிம்பு 0.8 மி.மீ.க்குக் கீழே மெலிந்திருந்தாலும் அப்படியே. கத்திமுனையான எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் எரிந்துவிடும்.

கைடு சீராகத் தேயாது. ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) தள்ளும் திசையில் இரு முனைகளும் முட்டை வடிவாக அகலும். அதனால் நடுவில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சிறு துளையின் விட்டம் அளக்கும் ஸ்மால் ஹோல் கேஜை இரு முனைகளிலும், குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். புது வால்வைப் போட்டும் ஆட்டம் தெரிந்தால் குற்றம் கைடில்தான்.

கைடை மாற்றும்போது அலுமினிய ஹெட்டை ஓவனில் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஹெட்டில் சுத்தியலால் அடித்தால் துளையே கீறும். புதுக் கைடின் மையம் சற்று விலகும் என்பதால், ரீமர் போட்டு துளையை அளவுக்குக் கொண்டுவந்தபின், சீட்டை (வால்வுத் தலை உட்காரும் வளையம்) 45 டிகிரியில் மறுபடி வெட்டியே ஆகவேண்டும். வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தேய்த்தே சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, ஸ்பிரிங் மாட்டி போர்ட்டில் (வால்வுக்குப் பின்னுள்ள வாயு வழி) மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கசியக் கூடாது.