ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்தாயிற்று. பக்கத்தில் இருக்கும் இன்னொரு போன் உடனே பிடித்துக்கொள்கிறது. லேப்டாப் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. இந்த நேரத்தில் பலரும் லேப்டாப்பின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் போய்விட்டது, விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். வைஃபை ஐகானைத் தட்டினால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வருகின்றனவா? வந்தால் லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது, போனைப் பாருங்கள். ஒரு பெயர்கூட வராவிட்டால்தான் லேப்டாப்பைச் சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்காமல் கண்ட செட்டிங்ஸையும் மாற்றுவதுதான் முதல் தவறு.

அடுத்தது பேண்ட், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. என் கணக்கில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் வரலாம், 5 கிகாஹெர்ட்ஸிலும் வரலாம். புதிய போன்கள் பல, வேகத்துக்காக 5-ஐ எடுத்துக்கொள்ளும். பழைய அல்லது விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் இருக்கும் வைஃபை கார்டோ 2.4 மட்டுமே பிடிக்கும். அதனால் பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே போகாது. பட்டியலில் பெயரே வராது. லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்துக் கார்டின் பெயரைப் படியுங்கள். 'டூயல் பேண்ட்', 'ஏசி', 'ஏஎக்ஸ்' என்று இருந்தால் 5 பிடிக்கும். '802.11பிஜிஎன்' என்று இருந்தால் பிடிக்காது; டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கார்டுக்கு 5 வரப்போவதில்லை.

மாற்ற வேண்டியது போனில். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் போய் பேண்டை 2.4 ஆக்குங்கள். பிக்சல் சிலவற்றில் 'எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி' என்று இருக்கும். ஐபோன் 12-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'. வேகம் சற்றுக் குறையும்தான், ஆனால் சுவர் தாண்டியும் சிக்னல் நன்றாக வரும்.

ஐபோன்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்த கையோடு போனைப் பூட்டிப் பையில் போட்டுவிடுவார்கள். லேப்டாப் இணையும்வரை 'பர்சனல் ஹாட்ஸ்பாட்' பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆண்ட்ராய்டிலும், யாரும் இணையாமல் சில நிமிடங்கள் போனால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும். ஆன் செய்ததாகவே நினைத்துக்கொண்டு லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருப்போம். சாம்சங் போன்ற சிலவற்றில் நெட்வொர்க் பெயரை மறைக்கும் வசதியும் இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெயர் தெரிகிறது, ஆனால் இணையவில்லை என்றால் அது வேறு கதை: போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-இலிருந்து டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, லேப்டாப்பில் எந்த வைஃபையுமே தெரியவில்லை என்றால்? முதலில் ஏரோபிளேன் மோட். கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டனில் கை பட்டிருக்கலாம். அப்புறம் பின்னணியில் ஓடும் வேலைகளைக் காட்டும் விண்டோஸ் சர்வீசஸில், வைஃபையைத் தேடிப் பிடிக்கும் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றிருந்தால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டு முடக்கப்பட்டிருந்தால் ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.

எடுத்த எடுப்பில், விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் பழையபடி ஆக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' அடிக்காதீர்கள். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். விபிஎன் வைத்து ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் அதையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். ஃபார்மட்டுக்கு முந்தைய கடைசிப் படியாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருட்கள் பக்கமே போக வேண்டாம். டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். நெட்டே இல்லாமல் எப்படி இறக்குவது என்கிறீர்களா? சார்ஜர் கேபிளால் ஆண்ட்ராய்டு போனை லேப்டாப்பில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் போதும், வைஃபை இல்லாமலே நெட் வரும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ரகமாக இருந்தால் அந்த ஆப்ஷன் ஆன் ஆகாது. டேட்டா போகிற கேபிளாகப் பார்த்து எடுங்கள்.