தாமரைத் தண்டில் நூல் எடுப்பது எப்படி? வீட்டு மேசையில் ஒரு செய்முறை

தாமரைத் தண்டை ஒடித்து இரண்டு துண்டையும் மெதுவாக விலக்கினால் நடுவில் மெல்லிய வெள்ளை இழைகள் நீண்டு வரும். கோயிலுக்குத் தாமரை வாங்கிப் போனவர்கள் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். மியான்மரின் (பர்மா) ஷான் மாநிலத்து இன்லே ஏரியில் இந்த இழைகளைத் திரட்டி, நூலாக்கி, தறியில் நெய்கிறார்கள். இன்பாவ்கோன் கிராமத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் தறிக்கூடத்தில் போட்டோ எடுப்பார்கள், சால்வை விலையைக் கேட்பார்கள், அப்புறம் பேசாமல் படகில் ஏறிவிடுவார்கள். அதே ஏரியின் கியாயிங்கான் கிராமத்தைச் சேர்ந்த தோ சா ஊ என்ற பெண்மணிதான் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகத் தாமரை நூலில் சீவரம் என்ற பிக்கு ஆடையை நெய்து, மடத்துப் பெரிய பிக்குவுக்குக் கொடுத்தார் என்று அங்கே சொல்கிறார்கள்.

நாம் தறி வரை போகப் போவதில்லை. ஒரு முழ நூலை ரங்கூன் வீட்டுச் சமையலறையிலேயே எடுத்துவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடாக இருந்தால் ஒரு விடுமுறைக் காலைப்பொழுது இதற்குச் சரியாக இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் அந்த இழை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிறையப் பேர் அதைப் பருத்தி மாதிரி ஏதோ பஞ்சு என்றோ, சணல் மாதிரி தண்டைத் தாங்கும் நார் என்றோ நினைக்கிறார்கள். உண்மையில் அது செடி தண்ணீர் ஏற்றும் குழாயின் உள்சுவர். பாடப்புத்தகத்தில் சைலம் என்று படித்திருப்பீர்களே, அந்தக் குழாய்தான். வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும்போது, கீழிருந்து தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பில் குழாயின் மெல்லிய சுவர் உள்பக்கமாக அமுங்கிவிடக்கூடும். அமுங்காமல் இருக்க, செடி அதன் உள்ளே செல்லுலோஸ் இழைகளைச் சுருளாகச் சுற்றி, லிக்னின் என்ற கடினப் பொருளைச் சேர்த்து இறுக்கிவிடுகிறது. சுருளாகச் சுற்றுவதற்கும் காரணம் உண்டு. தண்டு இன்னும் நீண்டு வளர்கிற பருவத்தில் குழாய் முழுவதும் கெட்டியாக இருந்தால் வளர்ச்சியின் இழுப்பில் கிழிந்துபோகும். சுருளாக இருந்தால் கூடவே விரிந்துகொடுக்கும்.

பால்பாயிண்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கம்பி நீண்டு வருமே, தண்டை ஒடித்து இழுக்கும்போது நடப்பது அதுதான். குழாயின் மெல்லிய வெளிச்சுவர் உடைந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் சுருள் பிரிந்து வருகிறது. இது மனதில் இருந்தால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

வேண்டிய சாமான்கள்

தாமரைத் தண்டு பத்துப் பன்னிரண்டு, அதில் ஒன்றிரண்டு இலையோடு இருந்தால் நல்லது. சின்னக் கத்தி, சப்பாத்திப் பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர், கறுப்புத் துணி ஒரு துண்டு, நூல் சுற்ற ஒரு பென்சில். லென்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டு வாங்குவது

மழைக்காலம்தான் இதற்கு ஏற்ற காலம். குளங்கள் நிறைந்திருக்கும், தண்டு நீளமாகக் கிடைக்கும். தெய்ஞ்சி சந்தைப் பக்கமோ பகோடா வாசல்களிலோ பூ விற்கிற அக்காவிடம் பதும்மா கியா, அதாவது தாமரை, வேண்டும் என்று கேளுங்கள். வெறுமனே கியா என்றால் ஆம்பலையும் எடுத்து நீட்டுவார்கள். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தாமரை இலை முழு வட்டமாக இருக்கும், காம்பு இலையின் நடு அடியில் சேர்ந்திருக்கும், காம்பு முழுவதும் சொரசொரவென்று சிறு முட்கள். ஆம்பல் இலையில் ஒரு பக்கம் வெட்டு விழுந்திருக்கும்.

இலைக்காம்பு, பூக்காம்பு இரண்டிலும் நூல் வரும். அன்றைக்குப் பறித்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வாடிய தண்டில் குழாய்ச் சுவர் காய்ந்து சுருளோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அறுந்துதான் வரும். வாங்கி வந்ததும் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். குளத்தில் இறங்கிப் பறிக்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் விடாதீர்கள். சேறு எவ்வளவு ஆழம் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

ஒடிக்குமுன் ஒரு சோதனை

ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பெரியதும் சிறியதுமாக ஓட்டைகள் இருக்கும். இவற்றை நீர்க்குழாய் என்று நினைத்துவிட வேண்டாம். இவை காற்றுக்கான வழிகள். நீர்க்குழாய்கள் இந்த ஓட்டைகளுக்கு இடைப்பட்ட சதையில் சின்னச் சின்னக் கற்றைகளாக இருக்கின்றன, வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளிதான்.

தாமரைக் கிழங்கு சேற்றுக்குள் கிடக்கிறது. அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. இலை மேலிருந்து வாங்கும் காற்று இந்த வழிகளில்தான் கிழங்குக்கு இறங்குகிறது. இதைக் கண்ணால் பார்க்க, இலையோடு உள்ள காம்பை எடுத்து, இலையின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காம்பின் வெட்டுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். காம்பு வந்து சேருகிற இடத்துக்கு நேர் மேலே, இலையின் நடுத்தட்டில் குமிழி கிளம்பும். நூலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் தாமரை வாங்கிய வீட்டில் இதைச் செய்யாமல் விடுவது பாவம். ஊதுவதற்கு முன் காம்பைக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஒடிப்பது

கத்தியால் முட்களை லேசாகச் சுரண்டிவிடுங்கள். நான்கைந்து தண்டுகளைச் சேர்த்து இடது கையில் பிடியுங்கள். முனையிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி, சுற்றிலும் கத்தியால் ஒரு கீறல். தோல் மட்டும்தான் வெட்டுப்பட வேண்டும். ஆழமாக இறக்கினால் சுருளையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள், அப்புறம் இழுக்க ஒன்றும் இருக்காது. கீறிய இடத்தில் மடக்கென்று ஒடித்து, லேசாக ஒரு திருகு திருகி, துண்டை மெதுவாக விலக்குங்கள்.

ஒடித்த இடத்தில் பால் கசியும். துணியில் பட்டால் கறை பிடிக்கும், நல்ல லுங்கியோடு உட்கார வேண்டாம்.

ஒரு சாண் விலகும்வரை இழுத்தால் போதும். இன்லே ஏரிப் பெண்கள் ஒரு பிடியில் இருபது முப்பது இழைகளை இப்படி இழுத்து ஒரு நூலாக்குகிறார்கள். நமக்குத் தொடக்கத்தில் பாதிதான் வரும், பரவாயில்லை.

திரிப்பது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். சப்பாத்திப் பலகையைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். கரண்ட் போகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தால் அந்த வேலையும் மிச்சம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெயோ, முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தோ இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்த இழைகளைப் பலகையின் மேல் கிடத்தி, ஈர உள்ளங்கையால் உங்களுக்கு எதிர்ப்புறமாக ஒரே திசையில் உருட்டுங்கள். விளக்குத் திரி திரிக்கத் தெரிந்த கைக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். ஆனால் பஞ்சைத் திரிக்கும்போது கொடுக்கும் அழுத்தத்தில் பாதிகூட இதற்கு வேண்டாம். ஒவ்வொரு இழையும் 4, 5 மைக்ரோமீட்டர் தடிமன்தான். தலைமுடி ஒன்று 50 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தித் தேய்த்தால் பலகையில் ஒட்டிக்கொண்டு கிளம்பவே கிளம்பாது.

ஈரம் எதற்கு என்றால், நனைந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேரும். பிரிந்து வந்த சுருள் மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும் குணமும் ஈரத்தில் அடங்கும். காய்ந்த கையால் உருட்டினால் இழைகள் நாலு பக்கமும் பறக்கும்.

முதல் துண்டு திரிந்ததும், ஒடித்த துண்டைக் கழித்துப் போட்டுவிட்டு, தண்டில் இன்னொரு நான்கு விரல்கடை தள்ளி மறுபடி கீறி ஒடியுங்கள். புது இழைகளின் நுனியை, ஏற்கெனவே திரித்த நூலின் கடைசி இரண்டு அங்குலத்தின் மேல் கிடத்திச் சேர்த்து உருட்டுங்கள். முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில்தான் முதலில் அறும். திரிக்கும் திசையையும் நடுவில் மாற்றக்கூடாது. முதலில் வெளிப்பக்கமாக உருட்டினீர்கள் என்றால் கடைசிவரை வெளிப்பக்கம்தான். திசை மாறினால் ஏற்கெனவே ஏறிய முறுக்கு அவிழ்ந்து, சேர்த்த இடம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து செய்தால், ஒருவர் ஒடித்து இழுக்கட்டும், ஒருவர் உருட்டட்டும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

ஒரு முழம் சேர்ந்ததும் பென்சிலில் தளர்வாகச் சுற்றி நிழலில் காய வையுங்கள். காய்ந்தபின் பழுப்பு கலந்த வெள்ளையாக, கொஞ்சம் மேடு பள்ளத்தோடு இருக்கும். கடையில் விற்கிற தாமரைச் சால்வையிலும் இந்த மேடு பள்ளம் உண்டு. துளிக்கூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், அதில் வேறு நூல் கலந்திருக்கலாம்.

கிட்டத்தில் பார்ப்பது

இன்னொரு தண்டை ஒடித்து, திரிக்காத இழைகளைக் கறுப்புத் துணியின் மேல் தொய்வாகக் கிடத்துங்கள். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் இழைகள் நேராக இல்லாமல் அலையலையாக நெளிந்து கிடப்பது தெரியும். ஒரு நுனியை ஊசியால் இழுத்தால் நெளிவு நிமிரும். விட்டால் கொஞ்சம் திரும்பும். பள்ளியில் மைக்ரோஸ்கோப் கிடைத்தால், அதிகம் இழுபடாத ஓர் இழையைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். சுருள் முழுசாகத் தெரியும். நன்றாகக் கவனித்தால் அது ஒற்றைக் கம்பி இல்லை என்பதும் தெரியவரும். பல இழைகள் அருகருகே ஒட்டி ஒரு பட்டையாகி, அந்தப் பட்டைதான் சுற்றிச் சுற்றிப் போகிறது. நாம் இழுக்கும்போது பட்டை பிரிந்து தனித்தனி இழையாகிவிடுகிறது. ஒரு சின்னத் தண்டில் இவ்வளவு இழை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

நூல் வரவில்லை என்றால்

இழை வந்து உடனே அறுந்தால் தண்டு பழசு, அல்லது இழுத்த வேகம் அதிகம். இழையே வராவிட்டால் கீறல் ஆழம். திரித்த நூல் காய்ந்ததும் பிரிந்தால் முறுக்கு போதவில்லை, நனைத்து அதே திசையில் மறுபடி உருட்டலாம்.

மிச்சம் இருப்பதை என்ன செய்வது

இலையைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு ஓடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓரிடத்தை மட்டும் விரலால் அழுத்தி நன்றாகத் தேய்த்துவிட்டு, அங்கே ஒரு சொட்டு விடுங்கள். இப்போது ஒட்டும். இலைப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. தண்ணீர் மேடுகளின் உச்சியில் மட்டும் நிற்கிறது, அடியில் காற்று. தேய்த்தபோது மேடும் மெழுகும் போய்விட்டன. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், தம் சகாவோடு சேர்ந்து 1997-இல் எழுதிய கட்டுரையில், உருளும் சொட்டு தூசியையும் அள்ளிக்கொண்டு போவதை விளக்கினார். அழுக்கு ஒட்டாத சுவர்ப் பூச்சுகள் அந்த வழியில் வந்தவை.

எடுத்த நூலை விளக்குத் திரியாக்கலாம். ஒரு முழ நூல் தனியாக ரொம்ப மெலிசு, எண்ணெய் போதுமான அளவு ஏறாது. எட்டுப் பத்து மடிப்பாக மடித்து மறுபடி முறுக்கினால் ஒரு சின்ன அகலுக்குக் காணும். நன்றாகக் காய்ந்த பிறகு நல்லெண்ணெயில் ஊறப்போடுங்கள். ஈரம் இருந்தால் படபடவென்று பொரியும். பர்மிய நாட்காட்டியின் தசௌங்மோன் மாதப் பௌர்ணமியை ஒட்டி பர்மியர்கள் பிக்குகளுக்குச் சீவரம் கொடுக்கிறபோது, நம் வீடுகளில் கார்த்திகை விளக்குக்கும் அகல்களைத் தேடி எடுக்கும் காலமாகிவிடும், அப்போது வைத்துக்கொள்ளலாம்.

தாமரை கிடைக்காத மாதங்களில் வாழைத்தண்டு இருக்கிறது. மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்கு நறுக்கும்போது வட்டத்துக்கு வட்டம் இழை நீளும், அதை விரலில் சுற்றிச் சுற்றி எறிவோமே, அதுவும் இதே வகை நீர்க்குழாயின் சுருள்தான். அடுத்த தடவை எறிவதற்கு முன் கொஞ்சத்தைக் கறுப்புத் துணியில் வைத்து லென்ஸில் பார்த்துவிடுங்கள்.