ஊதிச் செய்த பழைய கண்ணாடிப் புட்டியை இனங்காண்பது எப்படி?

பழைய புட்டி ஒன்று கையில் கிடைத்ததும், அதிலுள்ள குமிழிகளை வைத்து அதன் வயதை முடிவு செய்துவிடக் கூடாது; இன்று புதிதாக ஊதப்படும் புட்டிகளிலும் குமிழிகள் உண்டு. ஈரத்துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு, புட்டியைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள்.

ஊதுகுழலால் ஊதிய புட்டிக்கு வாய் அமைக்கும்போது, அதைத் தாங்கிப் பிடிப்பதற்காகப் பான்டில் என்னும் இரும்புக் கோலை அதன் அடியில் ஒட்டவைப்பார்கள். வேலை முடிந்து கோலைத் தட்டிப் பிரிக்கும்போது அங்கே ஒரு தழும்பு நின்றுவிடும். அது சொரசொரப்பான வளையமாக இருக்கலாம். இத்தனை காலத்துக்குப் பிறகும் விரலைக் கிழிக்கும் என்பதால் மெதுவாகத் தடவுங்கள். சிலவற்றில் செந்நிறமாகவோ கருநிறமாகவோ இரும்புப் படிவு தெரியும். அமெரிக்கப் புட்டிகளில் அது பெரும்பாலும் 1840களுக்கும் 1860களுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டும். பின்னர் புட்டியின் உடலையே கவ்விப் பிடிக்கும் கருவி பரவியதால், தழும்பு இல்லாத ஊதிய புட்டிகளும் ஏராளம்.

அடுத்து, புட்டிக்கு வடிவம் தந்த அச்சின் பகுதிகள் சேரும் இடத்தில் பதிந்த பொருத்துக் கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தால் மேல்நோக்கித் தொடருங்கள். கழுத்திலேயே அது மங்கி மறைந்தால் வாயைக் கையால் செப்பனிட்டிருக்கிறார்கள். வாய் விளிம்பையும் தாண்டி மேலே ஏறினால், அநேகமாக அது இயந்திரப் புட்டி. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903க்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. கோடே இல்லையென்றால், அச்சில்லாமல் ஊதியதாகவோ அச்சுக்குள் சுழற்றி ஊதியதாகவோ இருக்கலாம். சுழற்றியதன் உடலைச் சுற்றி மெல்லிய கிடைக்கோடுகள் ஓடும். தோளைச் சுற்றி ஒரு கிடைக்கோடும், அங்கிருந்து மேலேறும் இரு கோடுகளும் இருந்தால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ரிக்கெட்ஸ் 1821இல் காப்புரிமை பெற்ற மூன்று பகுதி அச்சு வகையை எண்ணிப் பார்க்கலாம்.

நிறம் துணைச்சான்று மட்டுமே. கறுப்பாகத் தோன்றும் பழைய ஆங்கிலேய மதுப்புட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஆலிவ் பச்சையோ பழுப்போ தெரியும். மாங்கனீசு கலந்த நிறமற்ற கண்ணாடி வெயிலில் இளஞ்செவ்வூதாவாக மாறும். ஆனால் அடர்ந்த ஊதாவைக் கதிர்வீச்சால் செயற்கையாகவும் உண்டாக்குகிறார்கள்.

போலிகளிலும் பான்டில் தழும்பு உண்டு என்பதால், இறுதியாக அடி விளிம்பின் தேய்மானத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நெடுங்காலம் புழங்கிய புட்டியில் கீறல்கள் பல திசைகளில் ஒழுங்கின்றிக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்ததில் அவை ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருக்கும்.